பதினாலாம் நம்பர் சீட்டில் இரண்டு பேர்

அக்காவின் டிக்கெட் இருந்தது. பக்கத்தை மறுபடி திறந்தேன், இல்லை. இன்னொரு முறை திறந்தேன், இருந்தது. என் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தேன். பிறகு இன்டர்நெட்டைச் சந்தேகப்பட்டேன். அந்தமானில் எது நடந்தாலும் நெட்டின் தலையில் கட்டிவிடுவது எங்கள் வழக்கம். கடலுக்கடியில் கேபிள் வந்து வருடங்கள் ஆகியும் அந்த வாய் மாறவில்லை.

நான் வேலை பார்ப்பது அபர்டீன் பஜாரில், ஒரு பாத்திரக்கடைக்கு மேலே இருக்கும் அறையில். ரங்கத்துக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே பஸ் விடும் சின்னக் கம்பெனி ஒன்றின் டிக்கெட் வெப்சைட் என் பொறுப்பு. அரசாங்கக் கடிதங்களில் ஊரின் பெயர் ஸ்ரீ விஜய புரம் என்று மாறிவிட்டது, எங்கள் பஸ்ஸின் நெற்றியில் இன்னும் போர்ட் பிளேர்தான். முதலாளி வங்காளி. அவரை எல்லோரும் தாதா என்போம், அவர்கள் பாஷையில் அண்ணன். தமிழ்நாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் ஏதோ ரவுடியிடம் வேலை பார்க்கிறேன் என்று பதறுவார்கள். மாடிப்படிக்குக் கீழே புக்கிங் கவுன்ட்டர். அங்கே உட்காருகிறவள் தெலுங்குக்காரி, என் வயதுதான். தாதா இருந்தால் இந்தியில் பேசிக்கொள்வோம், நாங்கள் இருவர் மட்டும் இருந்தால் அவளுக்குத் தெரிந்த தமிழில்.

அக்கா ரங்கத்தில் கட்டிக்கொடுத்தவள். அங்கே அங்கன்வாடியில் பல வருடமாகத் தற்காலிக ஆயா. அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. அங்கன்வாடியிலேயே டீச்சராக நிரந்தர வேலை, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சான்றிதழ்களோடு போர்ட் பிளேர் ஆபீசுக்கு நேரில் வர வேண்டும், வராவிட்டால் பெயர் நீக்கப்படும். அடுத்த முறை ஆள் எடுக்கும்போது அக்காவுக்கு வயது தாண்டியிருக்கும். இது எங்கள் இருவருக்கும் தெரியும், இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பூஜை லீவு முடிந்து எல்லோரும் ஊர் திரும்பும் வாரம் அது. கடல் சரியில்லை என்று படகை நிறுத்திவிட்டார்கள். மற்ற பஸ்களில் இடமில்லை. எங்கள் கம்பெனியின் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மட்டும் நாலைந்து சீட் மிச்சம் இருந்தது. புதன்கிழமை மத்தியானம் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"கண்டக்டருகிட்ட ஒரு வார்த்த சொல்லி வச்சா போதும் புள்ள," என்றாள். "அவரு எடம் போட்டுருவாரு. எப்பவும் அப்பிடித்தானே போறது."

எனக்குச் சுருக்கென்றது. நான் நாலு வருடமாக உட்கார்ந்து கட்டிய வெப்சைட் இருக்கும்போது என் சொந்த அக்கா கண்டக்டரிடம் போய் நிற்பதா?

"அதெல்லாம் பழைய காலம் அக்கா. நானே போட்டுத் தாறேன். பதினாலாம் நம்பரு, ஜன்னலோரம். போன்ல மெசேஜ் வரும், அதக் காட்டுனா போதும்."

"சரி சரி. நீ சொன்னா சரிதான்."

டிக்கெட் போட்டேன். மெசேஜும் போனது. ரங்கத்து பஜாரில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் அதை ஒரு தாளாக எடுத்து வைத்துக்கொண்டதாக அக்கா சாயங்காலம் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கண்டக்டரிடமிருந்து போன் வந்தது. அவர் மதுரைப் பக்கத்துக்காரர், இருபது வருடமாக அந்த ரோட்டில் போய்வருகிறவர். வண்டி பாதி வழியில், காட்டு ரோட்டுக்குள் வண்டிகளை நேரம் பார்த்து விடும் போலீஸ் கேட்டில் நின்றிருந்தது.

"என்னம்மா லிஸ்ட் இது? ஒரே சீட்டுக்கு ரெண்டு ரெண்டு பேரு டிக்கெட்ட நீட்டுறாய்ங்க. நான் யார யாரு மடியில ஒக்கார வைக்கிறது?"

அவசரமாக அன்றைய பட்டியலைத் திறந்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தது, ஒரு சீட்டுக்கு ஒரு பெயர். "நம்ம பக்கம் சரியா இருக்கே" என்றேன். அவர் சொன்ன பதிலை எழுத முடியாது.

ஒரு சந்தேகத்தில் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸைத் திறந்து பார்த்தேன். அப்போதுதான் அக்காவின் பெயர் வருவதும் போவதுமாக ஆரம்பித்தது. ஒரு முறை திறந்தால் பதினாலில் அக்கா. அடுத்த முறை பதினாலில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பெயர். மூன்றாம் முறை மறுபடி அக்கா. பிரவுசரின் நினைவை அழித்தேன். என் போனில் பார்த்தேன், பாத்திரக்கடைக்காரரின் போனை வாங்கியும் பார்த்தேன். அவர் போனில் அக்கா இருந்தாள், என் போனில் இல்லை. பிறகு அப்படியே நேர்மாறாக இருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில், இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்பது அப்பட்டமாகத் தெரிந்தது.

இதில் எனக்கு மட்டும் ஏன் தலை சுற்றியது என்பதற்கு எங்கள் வெப்சைட் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அது ஒரே புரோகிராம் இல்லை. சீட்டைக் காட்ட ஒன்று, டிக்கெட் போட ஒன்று, மெசேஜ் அனுப்ப ஒன்று என்று சின்னச் சின்னதாகப் பிரித்து வைத்திருந்தேன். எல்லாம் சென்னையில் வாடகைக்கு எடுத்த சர்வரில் ஓடுகின்றன. இவற்றுக்கு முன்னால் வாசலில் ஒருவன் நிற்பான். தொழிலில் ரிவர்ஸ் ப்ராக்ஸி என்பார்கள், நான் வாசல்காரன் என்பேன். வருகிறவர்கள் எல்லோரும் அவனிடம்தான் பேசுவார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள், எத்தனை பேர் என்று வெளியாருக்குத் தெரியாது. டிக்கெட் போட வந்தவரை டிக்கெட் போடும் புரோகிராமிடம் அனுப்பிவிட்டு, அது சொல்லும் பதிலைத் தானே சொல்வதுபோல் சொல்வான். அவன் பதிலை மாற்றிப் பேசியதே கிடையாது. எனக்கு அவன்மேல் அவ்வளவு நம்பிக்கை.

டிக்கெட் போடும் புரோகிராமின் பதிவுகளை வரிவரியாகப் பார்த்தேன். புதன்கிழமை மத்தியானம் அக்காவுக்கு நான் போட்ட டிக்கெட்டின் சுவடே அதில் இல்லை. மெசேஜ் போயிருக்கிறது, டிக்கெட் இல்லை. போடாத டிக்கெட்டுக்கு எப்படி மெசேஜ் போகும்? அன்றைக்கு நான் டிக்கெட் போட்டேனா, போட்டதாக நினைத்துக்கொண்டேனா? பக்கத்தைத் திறந்தால் இருக்கிறதே! மறுபடி திறந்தால்தான் இல்லையே!

தாதா மேலே வந்தார். கண்டக்டர் அவருக்கும் போன் போட்டிருக்கிறார். கதவைச் சாத்திவிட்டு, கீழே இருப்பவள் தெரிந்தவர்களுக்குத் தனியாகச் சீட் கொடுக்கிறாளோ என்று இந்தியில், குரலைத் தாழ்த்திக் கேட்டார். இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவளோடு நாலு வருடம் ஒரே டப்பாவில் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் எனக்கே எதுவும் புரியாத நேரத்தில் புரிகிற மாதிரி ஒரு காரணம் கிடைத்தது, நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதைத் தாதா ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

கீழே போய் அவர் அவளிடம் என்ன கேட்டாரோ, பத்து நிமிடத்தில் அவள் இரண்டு தாள்களோடு மேலே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"தேகோ, பாரு," என்று இரண்டையும் என் மேஜையில் போட்டாள். "ஒரே பட்டன். ரெண்டு தடவ அமுக்குனேன். ரெண்டு லிஸ்ட். மேரே ஹாத் மே க்யா ஹை? என் கையில என்ன இருக்கு? நான் பட்டன் மட்டும்தானே அமுக்குறேன்?"

ஒரு நிமிட இடைவெளியில் அச்சடித்த இரண்டு பட்டியல்கள். முக்கால்வாசிப் பெயர்கள் ஒன்றாக இருந்தன, மிச்சம் வேறு வேறு. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்தேன்.

"நீயும் அப்படித்தான் நினைச்சியா?" என்று கேட்டாள்.

நான் தாளில் இருந்த பெயர்களை எண்ண ஆரம்பித்தேன். அவள் இறங்கிப் போய்விட்டாள். அன்று மத்தியானம் தனியாகச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்ததும் வேறு எதையும் தொடாமல் வாசல்காரனின் பதிவைத் திறந்தேன். யார் எப்போது வந்தார்கள், அவர்களை எங்கே அனுப்பினான் என்று அவன் ஒரு வரி விடாமல் எழுதி வைத்திருப்பான். இதுவரை நான் யார் வந்தார்கள் என்பதைத்தான் பார்த்திருந்தேன், எங்கே அனுப்பினான் என்பதைப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது, டிக்கெட் போடுவது ஒன்றே ஒன்றுதானே என்ற எண்ணம்.

ஒன்று இல்லை. வரிகளின் கடைசியில் முகவரி ஐந்தில் முடிந்தது, அடுத்த வரியில் ஒன்பதில் முடிந்தது. மறுபடி ஐந்து, மறுபடி ஒன்பது. விளையாட ஆள் பிரிக்கும்போது நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி விடுவார்களே, அப்படி வந்தவர்களை ஒருவர் விட்டு ஒருவராக இரண்டு இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். லோட் பேலன்சிங் என்று இதற்குப் பெயர். ஒரே வேலைக்கு இரண்டு பேர் இருந்தால் சுமையைச் சமமாகப் பங்கு போடுவது. அவன் செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் இந்த ஒன்பது யார்?

சர்வரில் ஓடுகிறவற்றின் பட்டியலைத் திறந்து பார்த்தேன். ஒன்பதை வைத்தது நான்தான்.

இதைப் புரியவைக்க நான் நிக்கோபாரில் நாங்கள் வளர்ந்த கட்சால் தீவின் கதைக்குப் போக வேண்டும். எங்கள் அப்பாவும் அம்மாவும் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, கட்சாலில் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். அங்கே கப்பல் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. அதனால் எங்கள் வீட்டில் எல்லாமே இரண்டு. அடுப்பங்கரையில் ஒரு உப்பு ஜாடி, கட்டிலுக்கடியில் ஒரு உப்பு ஜாடி. தீப்பெட்டி, மண்ணெண்ணெய், காய்ச்சல் மாத்திரை எல்லாம் அப்படித்தான். பக்கத்து லைன் வீடுகளிலும் இதே கதை. சுனாமியில் இரண்டு ஜாடிகளும் போயின. நாங்கள் நாலு பேரும் மேட்டில் இருந்ததால் பிழைத்து, பிறகு தீவைவிட்டே வந்துவிட்டோம். ஆனால் அந்த வழக்கம் மட்டும் கூடவே வந்தது. இன்றைக்கும் என் பையில் இரண்டு சார்ஜர் இருக்கும்.

புதன்கிழமை காலை துறைமுகத்தில் காற்று எச்சரிக்கை. படகுகள் நின்றுவிட்டன என்று கேட்டதும் என் கை தானாக வேலை செய்தது. டிக்கெட் போடும் புரோகிராமுக்கு நான் வைத்திருந்த உதிரி ஒன்றைக் கிளப்பிவிட்டேன். அன்று காலை வரையிலான பதிவேட்டின் நகலும் அதனிடம் இருந்தது. நிஜமானது படுத்துக்கொண்டால் இது எழுந்து நிற்கட்டும் என்பது எண்ணம். ஓடுகிறதா என்று பார்த்தேன், ஓடியது. நிறுத்த மனம் வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும், உதிரிதானே.

நிஜத்தின் கழுத்தில் ஒரு பெயர்ச்சீட்டு கட்டியிருப்பேன், 'டிக்கெட் போடுபவர்' என்று. அந்தப் பெயர்ச்சீட்டைப் பார்த்துத்தான் வாசல்காரன் ஆள் அனுப்புவான். உதிரியை நிஜத்திலிருந்து அப்படியே நகலெடுத்தபோது அந்தப் பெயர்ச்சீட்டும் சேர்ந்து வந்துவிட்டது. எங்கள் வாசல்காரன் பழைய காலத்து ஆள் இல்லை. அவனிடம் யாரும் போய், புது ஆள் வந்திருக்கிறான் என்று சொல்ல வேண்டியதில்லை. கழுத்தில் பெயர்ச்சீட்டோடு யார் எழுந்து நின்றாலும் அந்த நொடியே கவனித்துத் தானாகச் சேர்த்துக்கொள்வான். டைனமிக் என்பார்கள். இந்தக் குணத்துக்காகவே அவனைத் தேர்ந்தெடுத்தேன். தாதாவிடம் அரை மணி நேரம் புகழ்ந்திருக்கிறேன்.

ஆக புதன்கிழமையிலிருந்து எங்களிடம் இரண்டு டிக்கெட் ஆபீஸ், இரண்டு பதிவேடு. ஒன்றுக்கு மற்றொன்று இருப்பதே தெரியாது. பாதிப் பேர் நிஜத்தில் டிக்கெட் வாங்கினார்கள், பாதிப் பேர் கட்டிலுக்கடி ஜாடியில் வாங்கினார்கள். என் அக்கா ஜாடிக்குள் இருந்தாள்.

தாதாவைக் கூப்பிட்டேன். முதலில் கவுன்ட்டர்காரி மேல் தப்பில்லை என்றேன், பிறகு தப்பு என்னுடையது என்றேன். அவர் நீளமாக மூச்சு விட்டார். கீழே போய் அவளிடமும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். எனக்கு அழுகையாக வந்தது, ஆனால் அதற்கு நேரமில்லை.

உதிரியை நிறுத்துவதற்கு முன் அதில் இருந்த பெயர்களையெல்லாம் எடுத்து நிஜத்தில் சேர்க்க ஆரம்பித்தேன். பெரும்பாலும் முடிந்தது. இவரை ஆறிலிருந்து ஒன்பதுக்கு, அவரை இருபதிலிருந்து இருபத்திரண்டுக்கு என்று நகர்த்தினேன். ஒவ்வொருவருக்காகக் கவுன்ட்டர்காரி போன் போட்டுச் சீட் நம்பர் மாறியதைச் சொன்னாள். மத்தியானம் ஒரு மணிக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் நிரம்பிவிட்டது. ஒரே ஒரு பெயர் கையில் மிஞ்சியது. பதினாலில் இரண்டு பேர். நிஜத்தில் அந்தத் தெரியாத பெண், உதிரியில் அக்கா.

தாதா எட்டிப் பார்த்தார். "தும்ஹாரி தீதி ஹை நா?" என்றார். உன் அக்காதானே, வைத்துக்கொள், அந்தம்மாவுக்குப் போன் போட்டுத் திங்கட்கிழமைக்கு மாற்று என்றார். சாதாரணமாகச் சொன்னார். அவர் பஸ், அவர் சீட்.

போனை எடுத்தேன். நம்பரை அழுத்தினேன். என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். தொழில்நுட்பக் கோளாறு என்று ஆரம்பித்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். பின்னால் கைக்குழந்தை ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. பஸ் கம்பெனியிலிருந்து என்று சொன்னதுதான் தாமதம், அவள் முந்திக்கொண்டாள். "தீதி, மேரா டிக்கெட் பக்கா ஹை நா?"

பக்காதானே என்று கேட்கிறாள். அவள் டிக்கெட் நிஜமான பதிவேட்டில் இருக்கிறது. அதைவிடப் பக்காவாக ஒரு டிக்கெட் இருக்க முடியாது.

"பக்கா ஹை," என்று சொல்லிப் போனை வைத்தேன்.

வைத்த பிறகு எனக்கு என்மேல் ஆத்திரம் வந்தது. பெரிய நியாயஸ்தி! அக்காவின் வேலைக்கு என்ன பதில் சொல்வாய்? அப்பா செத்த பிறகு என்னைப் படிக்க அனுப்பிவிட்டுத் தான் பத்தாவதோடு நின்றவள் அவள். அவள் கடிதத்தை நானே கிழித்துப்போட்ட மாதிரி இருந்தது.

அக்காவுக்குப் போன் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அத்தான் போனும் அப்படித்தான். ரங்கத்தில் டவர் படுத்துக்கொண்டால் எப்போது எழும் என்று யாருக்கும் தெரியாது. எத்தனை முறை போட்டேன் என்று நினைவில்லை. சாயங்காலம், மறுநாள் வண்டியை எடுக்க ரங்கத்தில் தங்கியிருந்த கண்டக்டரின் லைன் மட்டும் எப்படியோ கிடைத்தது. அவர் போனில் வேறு கம்பெனி சிம்.

"அண்ணே, நாளைக்கு என் அக்கா வரும். பதினாலுன்னு டிக்கெட் கையில இருக்கும், ஆனா லிஸ்ட்ல பேரு இருக்காது. தப்பு என்னோடது. எப்படியாவது ஏத்திக்கிட்டு வாங்கண்ணே." அக்காவின் பெயரைச் சொன்னேன்.

"பேரெல்லாம் யாருக்கும்மா ஞாபகம் இருக்கு? நேத்து நடந்த கூத்துக்கப்புறம் லிஸ்ட்ல இல்லாத ஆள ஏத்தக்கூடாதுன்னு ஒங்க ஆபீஸ்லருந்துதான் மெசேஜ் போட்டிருக்கீங்க."

அந்த மெசேஜை அனுப்பியதும் நான்தான்.

"கேபின்ல, டிரைவர் பக்கத்துல?"

"அது ஒரே ஒரு எடம். அத அப்பவே சொல்லி வச்சுட்டாங்க. இங்க ஒரு டீச்சரம்மா. வார்த்த குடுத்துட்டேன், மாத்த முடியாது."

அந்த டீச்சரம்மாவை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒழுங்காக டிக்கெட் போடாமல் கண்டக்டரைப் பிடித்து இடம் வாங்கும் இந்த ஆட்களால்தான் எந்த முறையும் நிலைப்பதில்லை என்று கூட நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்காவின் போன் ஒரு முறை மணி அடித்தது, அவள் எடுக்கவில்லை. பிறகு மறுபடி எல்லைக்கு வெளியே போய்விட்டது. காட்டுக்குள் போகும் ரோட்டில் சிக்னல் கிடையாது. பஸ்ஸில் இருந்தாலும் போன் கிடைக்காது, பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து அழுதாலும் கிடைக்காது. எது என்று எனக்கு எப்படித் தெரியும்? பஸ் வருவது இரண்டு மணிக்கு. நான் பன்னிரண்டரைக்கே ஸ்டாண்டில் போய் நின்றேன். அவள் வருவாள் என்ற நம்பிக்கை இல்லாமலேதான் போனேன். அவளுக்கென்று அன்று காலை மீன் குழம்பு வேறு வைத்திருந்தேன்.

பஸ் வந்தது. ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினாலில் ஒரு சின்னப் பெண், தோளில் தூங்கும் குழந்தை. எல்லோரும் பின்வாசல் வழியாக இறங்கினார்கள். கடைசி ஆளும் இறங்கியாயிற்று. அக்கா இல்லை. நான் திரும்பி இரண்டு அடி நடந்தேன்.

"டீச்சரம்மா, பாத்து எறங்குங்க. படி ஒயரம்," என்று பின்னால் கண்டக்டரின் குரல் கேட்டது.

டிரைவர் பக்கத்துக் கதவு வழியாக, ஒரு கையில் சான்றிதழ் பையும் மறு கையில் செருப்புமாக, என் அக்கா இறங்கிக்கொண்டிருந்தாள். எஞ்சின் சூட்டில் முகமெல்லாம் கறுத்திருந்தது. அங்கன்வாடிப் பிள்ளைகளின் அம்மாக்கள் அவளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் நாங்கள் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். சந்தோஷமா கோபமா என்று எனக்கே விளங்கவில்லை. கடைசியில் வந்தது கோபம்தான்.

"கண்டக்டருகிட்ட எப்ப சொன்ன?"

"நீ டிக்கெட் போட்ட அன்னைக்கே. மெசேஜ் வந்திச்சு, ஜெராக்ஸ் கடைக்குப் போனேன், வர்ற வழியில அவரு டீ குடிச்சிக்கிட்டு நின்னாரு. சொல்லிட்டு வந்தேன்."

"அப்ப என்னைய நம்பல?"

"நம்புனேன் புள்ள," என்றாள் ஆச்சரியமாக. "நம்புனா? அதுக்காக ஒண்ணே ஒண்ண மட்டும் வச்சிக்க முடியுமா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். பையைத் திறந்து பிறப்புச் சான்றிதழ், மார்க் ஷீட் எல்லாம் கசங்காமல் இருக்கிறதா என்று பார்த்தாள். அவற்றோடு சேர்த்து, அதே பிளாஸ்டிக் உறைக்குள், என் டிக்கெட்டின் தாளும் மடங்காமல் இருந்தது.

"பதினாலுல அந்தப் புள்ள உக்காந்திருந்தத ஏறுனப்பவே பாத்தேன்," என்றாள். "இது ஏங்கிட்ட இருக்குன்னு காட்டல."

"ஏன் அக்கா? அது உன் டிக்கெட்டு."

"காட்டுனா ஒன்னையத்தானே ஏசுவாங்க."